பத்து மணி, பதினொண்ணு இல்லை

"வேதாந்த், சுபத்ரா பேசறேன். இண்டர்வியூ பத்து மணிக்கு. பதினொண்ணு இல்லே. புரிஞ்சுதா?"

ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் மேடம் அவ்வளவுதான் சொன்னார். ஃபோனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இப்படி ஒரு ஃபோனா! பதினொண்ணு என்ற பேச்சு மேடம் வாயில் எப்படி வந்தது? அதை வேதாந்த் சொன்னது ஒரே ஒருத்தனிடம்தான். பாலாஜியிடம்.

நேற்று நடந்தது அது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் பாலாஜி வகுப்புக்கு வரவில்லை. மத்தியானம் காயின் பூத்திலிருந்து கூப்பிட்டான்.

"வேதா, நாளைக்கி எத்தினி மணிக்கு வரணும்னு மேடம் சொன்னாங்கப்பா?"

"பதினொரு மணிக்குடா."

வகுப்பில் மேடம் சொன்னது பத்து மணி. வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் திருத்திச் சொல்லாமல் ஃபோனை வைத்தது யாராம்?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வரும் ஜப்பான் கம்பெனியில் இருப்பது ஒரே ஒரு வேலை. பன்னிரண்டு பேர் படிக்கும் வகுப்பிலிருந்து மேடம் பெயர் கொடுத்தது இவர்கள் இரண்டு பேரைத்தான். டிப்ளமா முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் வேதாந்த். இதுவும் கைநழுவினால் அவ்வளவுதான்.

பாவி, போட்டுக்கொடுத்துவிட்டான்! இண்டர்வியூ எடுக்க வரும் ஜப்பான்காரரிடம் மேடம் சொல்லிவிட்டால்? சின்ன காஞ்சிபுரம் முழுக்கத் தெரிந்துவிட்டால்? கோயிலில் கைங்கர்யம் பண்ணும் அப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பது?

சைக்கிளை மிதித்து, இண்டர்வியூ நடக்கும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடிக்கு வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பாலாஜி முன்னாடியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"வாப்பா வேதா! டயத்துக்கு வந்துட்டியே!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வேதாந்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"அம்மா எப்படிடா இருக்கா?"

"பரவால்லப்பா. காலைல கஞ்சி குடிச்சாங்க."

முதலில் பாலாஜியைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தவன், நேராக வேதாந்த் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"இத கேட்டுக்க. அவரு புக்ல இருக்கற மாதிரி கேக்கல. மொதல்ல வீட்ல எத்தினி பேருன்னு கேக்கறாரு. அப்பால எந்த ஊருன்னு. பேரு கடைசிலதான். நீ வரிசையா ஒப்பிக்கற ஆளு. மாத்தி ஒரு தபா சொல்லிப் பாத்துக்க."

ஒப்பிக்கிற ஆள் என்பது நிஜம்தான். சின்ன வயசில் வீட்டில் பாசுரம் படித்தது சந்தை சொல்லித்தான். அப்பா ஒரு தடவை சொன்னால் இவன் இரண்டு தடவை திருப்பிச் சொல்லவேண்டும். அர்த்தமெல்லாம் அப்புறம். ஜப்பானியப் பாடத்தையும் அதே மாதிரி ஏற்றி வைத்திருந்தான். பேர், ஊர், குடும்பம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாது. நடுவில் ஒன்றைக் கேட்டால் மட்டும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் வரும்.

ஓஹோ! அங்கேயே கை வைக்கிறானா? வரிசையைக் கலைத்துவிட்டால் உள்ளே போய்த் திருதிருவென்று முழிப்பேன் என்று கணக்குப் போடுகிறான். பழி வாங்குகிறான். இருப்பதே ஒரு வேலை. போட்டிக்கு வந்தவனிடம் எவனாவது கேள்வியைச் சொல்வானா? நானாக இருந்தால் சொல்வேனா?

"சரிடா," என்றான் வேதாந்த். புத்தகத்தின் வரிசையையே இன்னும் இரண்டு தடவை மனசுக்குள் ஓட்டிக்கொண்டான்.

உள்ளே, ஜப்பான்காரர் எழுந்து தலை குனிந்து வணங்கினார். மெல்லக் கேட்டார்.

"கஸோகு வா நன்னின் தெஸ் கா?"

வேதாந்துக்குக் காது அடைத்துக்கொண்டது. முதல் கேள்வி பேர்தான். பேராகத்தான் இருக்கவேண்டும்.

"வதாஷி வா வேதாந்த் தெஸ்!"

அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டி, வீட்டில் எத்தனை பேர் என்று அதே கேள்வியை இன்னும் நிதானமாகக் கேட்டார். குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

"காஞ்சிபுரம் காரா கிமாஷ்தா!"

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டவருக்குக் காஞ்சிபுரத்திலிருந்து வந்தேன் என்று பதில். அவர் சிரித்த முகம் மாறாமல் ஃபைலை மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் பாலாஜி ஓடிவந்தான்.

"மொதல்ல குடும்பத்தத்தான கேட்டாரு? கரெக்டா சொல்லிட்டியா?"

வேதாந்த் தலையை எந்தப் பக்கம் ஆட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

"சரிப்பா, அம்மா தனியா இருக்குது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடறேன்," என்று பாலாஜி படியிறங்கிவிட்டான்.

வராந்தாவில் சுபத்ரா மேடம் நின்றிருந்தார். வேலை போயாயிற்று. இனிமேல் பயந்து என்ன ஆகப்போகிறது? கேட்டேவிட்டான்.

"மேடம், காலம்பற ஃபோன்ல பதினொண்ணு இல்லேன்னு ஏன் சொன்னேள்? பாலாஜி ஏதாவது சொன்னானா?"

"ஆமாம். நேத்து சாயங்காலம், விட்டுப்போன பாடத்தை வாங்கிண்டு போக ஆத்துக்கு வந்தான். பத்து மணின்னு நான் சொன்னதும் பதறிப்போயிட்டான். 'ஐயையோ மேடம், வேதா பதினொரு மணின்னு நெனச்சுக்கினு இருக்கான். பயத்துல கொழம்பிட்டான் போல. பாவம், இண்டர்வியூவ கோட்ட விட்டுடப் போறான். மறக்காம ஒரு ஃபோன் போட்டுடுங்க'ன்னு கெஞ்சிட்டுப் போனான்."