பெட்டியின் கடைசி பாட்டில்

“அவளுக்கு இன்னும் தெரியாது. எல்லாத்தையும் கார்லயே வச்சிருக்கேன். இன்னிக்கு சாயங்காலம் நானே சொல்லிடறேன்.”

பால்கனியில் முதுகைக் காட்டி நின்று கணவன் போனில் பேசியது, ஈரத் துணியோடு வந்த அவள் காதில் விழுந்தது. சத்தம் காட்டாமல் பின்வாங்கி, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று அவர்களுடைய திருமண நாள். இன்றைக்குத்தான் பெட்டியின் கடைசி பாட்டிலும்.

அந்தப் பெட்டி அவளே போட்ட நிபந்தனை. இருவருக்குமே இது இரண்டாவது கல்யாணம். ரிஜிஸ்டர் ஆபீசிலிருந்து நேரே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனபோது, மூலையில் கிடந்த ஒரு பெட்டி பிரெஞ்சு சிவப்பு ஒயின் கண்ணில் பட்டது.

“விலை கம்மிதான். ஆனா வச்சிருந்தா நல்லா வரும். வருஷத்துக்கு ஒண்ணா திறந்து பாருங்க” என்றார் கடைக்காரர்.

முதல் கல்யாணத்தில் சூடுபட்டவள் அவள். அங்கேயே நின்று சொன்னாள்: “ஆயுசு முழுக்கன்னு எல்லாம் வாக்கு குடுக்காதீங்க. இந்தப் பெட்டி தீர்ற வரைக்கும் சேர்ந்து இருப்போம். கடைசி பாட்டில் அன்னிக்கு யாருக்குப் போதும்னு தோணுதோ அவங்க சொல்லிடலாம். காரணம் கேக்கக் கூடாது.”

“நான் லிஃப்ட் மெக்கானிக். நீ எந்த மாடியில நிறுத்தச் சொல்றியோ அங்க நிறுத்தறேன்” என்று அவன் சிரித்தான்.

முதல் வருஷம் திறந்த பாட்டில், பிஞ்சுக் கொய்யாவைக் கடித்தது போல் துவர்த்தது. உதடெல்லாம் ஊதா. “இது ஒயினா, பேனா இங்க்கா?” என்று அவன் பல்லைக் காட்டினான். வருஷம் போகப் போகத் துவர்ப்பு அடங்கியது. ஊதா மங்கிச் செங்கல் நிறமானது. போன வருஷத்துப் பாட்டிலிலோ, பழைய மர அலமாரியைத் திறந்தாற்போல் ஒரு மணம், தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும் இதம்.

ஒயின் மட்டுமா இளகியது? அவளும்தான். அதை அவனிடம் சொல்லத்தான் ஒருநாளும் வாய் வரவில்லை.

மருந்துக் கடையில் அன்று அவளுக்கு வேலையே ஓடவில்லை. தலைவலி மாத்திரை கேட்டவருக்கு இருமல் சிரப்பை எடுத்து நீட்டினாள். மதியம் தங்கைக்குப் போன் போட்டாள்.

“ஒரு மாசமா அவர் சரியாவே பேசறதில்லடி. லீவு நாள்லகூட எங்கயோ போயிட்டு வர்றார். கேட்டா, சும்மாதாங்கறார்.”

“கல்யாணத்துக்கு யாராவது எக்ஸ்பைரி டேட் போடுவாங்களாக்கா? மருந்துக் கடைக்காரி புத்தி!”

“திட்டாதே. பயமா இருக்கு.”

“பயந்துக்கிட்டு என்கிட்ட ஏன் பேசற? அவர்கிட்ட பேசித் தொலையேன்!”

சாயங்காலம் வீட்டு வாசலில் அவன் கார் நின்றது. பின் இருக்கையில் எதையோ போர்வை போட்டு மூடி வைத்திருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் படியேறினாள்.

ஒவ்வொரு வருஷமும் அவள் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள, அவன் கார்க் அடைப்பை இழுப்பான். இன்றோ மேஜையில் இரண்டு கிளாஸ்கள் ஏற்கெனவே ஊற்றி வைக்கப்பட்டிருந்தன. அதைக்கூட அவள் இல்லாமலே முடித்துவிட்டான்.

“பாட்டில் எங்கங்க?”

“உள்ள இருக்கு. முதல்ல நீ குடிச்சுப் பாரு.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது.

ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுருண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மணமும் இல்லை, இதமும் இல்லை, வாயெல்லாம் துவர்ப்பு. இத்தனை வருஷம் நன்றாக இருந்தது, இன்றைக்கென்று பார்த்தா இப்படி ஆக வேண்டும்?

“எப்படி இருக்கு?”

“கெட்டுப் போச்சுங்க.”

“கெட்டுப் போச்சா? இன்னொரு வாய் குடிச்சுப் பாரேன்.”

அவளால் முடியவில்லை. கிளாஸைத் தள்ளி வைத்ததில் மேஜை விரிப்பில் ஊதாவாய்க் கொட்டியது.

“உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்” என்று அவன் தொண்டையைச் செருமினான்.

“தெரியும். காலைல நீங்க போன்ல பேசினதைக் கேட்டேன். எல்லாத்தையும் கார்ல ஏத்தியாச்சு.” கொட்டியதைத் துணியால் ஒற்றிக்கொண்டே சொன்னாள். “காரணம் கேக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். கேக்கலை. ஆனா எனக்குப் போதும்னு தோணலைங்க. ஒரு நாளும் தோணினதில்ல. இதைச் சொல்லாம உங்களை அனுப்ப என்னால முடியாது.”

அவன் நின்ற இடத்திலேயே நாற்காலியை இழுத்துத் தொப்பென்று உட்கார்ந்தான்.

“அனுப்பறதா? என்னை எங்க அனுப்பற?”

“அப்போ... கார்ல இருக்கறதெல்லாம்?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தான்.

“பெட்டி நிறைய இதே ஒயின், பைத்தியமே! ஒரு மாசமா லீவு நாள்ல எல்லாம் அலைஞ்சு பிடிச்சேன், காலைல போன்ல பேசினதும் அந்தக் கடைக்காரர்கிட்டதான். பழசுல கடைசியை நான் திறக்கவே இல்ல. நீ குடிச்சது புதுசுல முதல் பாட்டில்!”