ராணி தன் கைப்பட

செத்துப்போன ராணியின் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அவளைப் பெற்றவளின் வீட்டிலேயே உட்கார்ந்து, வாத்துக் கறியை மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட தாதேயோ மாதிரி ஆளால்தான் முடியும்.

ராணி இசோத்தா செத்து நாற்பது நாளாகிறது. சூடான திராட்சை மதுவில் விஷம் கலந்து கோப்பையில் ஊற்றிக் கொடுத்தவனே ராஜாவின் அந்தரங்க ஆளான தாதேயோதான். ராஜாவுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. ஆனால் ராஜாவின் தெற்குக் கோட்டைகளைக் காவல் காப்பது இசோத்தாவின் அண்ணன் படை. தங்கை செத்தது தெரிந்தால் அவன் பீரங்கியை அப்படியே அரண்மனைப் பக்கம் திருப்புவான். புது மாமனாரின் படை கிறிஸ்துமஸுக்குத்தான் வந்து சேரும். அதுவரை ராணி உயிரோடு இருந்தாக வேண்டும், காகிதத்திலாவது.

ராணியின் அம்மா, கோமாட்டி வயோலான்தே, சும்மா இருக்கிறவள் இல்லை. 'ஈஸ்டருக்கு அப்புறம் வந்ததெல்லாம் காரியதரிசி எழுதிய கடிதம். என் மகள் தன் கைப்பட எழுதி அனுப்பட்டும். இல்லையென்றால் மகனை நேரில் அனுப்புகிறேன்' என்று ஓலை அனுப்பிவிட்டாள். நியாயம்தானே? ஊர் உலகத்துக்குக் காரியதரிசி எழுதுவான். பெற்ற தாய்க்கு ராணியானாலும் தானே எழுதுவதுதான் பெரிய வீட்டு வழக்கம்.

தாதேயோ எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை. கல்யாணத்துக்கு முன் இசோத்தா ராஜாவுக்குக் கைப்பட எழுதிய பதினோரு கடிதங்கள் பெட்டியில் இருந்தன. ஒரு கிழட்டு எழுத்தனைப் பிடித்து, அவற்றைப் பார்த்துப் பார்த்து இரண்டு வாரம் பழக வைத்தான். மேல் நோக்கி ஏறும் வரிகள், வால் நீண்ட எழுத்துகள், எல்லாம் வந்தன. கடிதம் முடிந்த அன்றே எழுத்தனைக் கிணற்றில் தள்ளியாயிற்று.

இப்போது சாப்பாட்டு மேசையில் அவன் எடுத்து நீட்டிய கடிதத்தின் முத்திரையைக் கோமாட்டி உடைத்தாள். அவளுடைய காரியதரிசி பெல்லினோ பழைய கடிதங்களைப் பக்கத்தில் பரப்பி வைத்து, மூக்கு காகிதத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

"சரியா இருக்கும்மா" என்றான்.

தாதேயோ எலும்பை நிம்மதியாகக் கடித்தான். அப்போதுதான் முலாம்பழத் தட்டோடு ஒருத்தி உள்ளே வந்தாள்.

ஓர்சோலா! நான்கு வருடம் ராணியின் அறையிலேயே படுத்து எழுந்த தோழி. வெளிநாட்டிலிருந்து வந்த ராணியின் கூட்டத்தைக் கொஞ்ச காலம் கழித்துத் திருப்பி அனுப்புவது எல்லா அரண்மனையிலும் நடக்கிற கதைதான். ராணியைத் தனியாக்கத்தான் தாதேயோ ஈஸ்டர் முடிந்ததும் இவர்கள் அத்தனை பேரையும் மூட்டை கட்ட வைத்தான். கடைசியாக அழுதுகொண்டே வண்டி ஏறியவள் இவள்தான்.

"ஓர்சோலா, நீயும் பாரும்மா. என்னைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றாள் கோமாட்டி.

ஓர்சோலா மெதுவாகப் படித்தாள். 'உப்பில் போட்ட விலாங்கு மீன் அனுப்பு அம்மா, இந்த ஊர் மீனில் ருசியே இல்லை' என்ற இடத்தில் அவள் கண் நிறைந்து வழிந்தது. தாதேயோ அவள் முகத்தையே பார்த்தான். பாவி, எதையாவது கண்டுபிடித்துவிட்டாளோ?

"எழுத்து எப்படி?" என்று கேட்டாள் கோமாட்டி.

"அச்சு அசல் அம்மா. ஒரு சுழி கூட மாறல."

போன உயிர் திரும்பி வந்தது. வந்த உற்சாகத்தில் வாய் சும்மா இருக்குமா?

"அவங்க எழுதும்போது நான் பக்கத்துலதாம்மா நின்னுட்டிருந்தேன். விரல்லெல்லாம் மை பட்டுடுச்சுன்னு குழந்தை மாதிரி சிரிச்சாங்க."

"அவளே உக்காந்து எழுதினாளா? உங்க கண்ணால பார்த்தீங்களா?"

"இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"சிலுவையைத் தொட்டுச் சொல்லுவீங்களா?"

கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பிடித்து முத்தமே கொடுத்தான் தாதேயோ.

கோமாட்டி தலையை அசைத்தாள். இரண்டு வீரர்கள் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள்.

"என் பொண்ணு போய் எத்தனை நாளாச்சுடா?" என்று கேட்டாள். குரல் உடைந்திருந்தது. அந்தக் கேள்விக்கான பதிலுக்கு அவள் வெகு நாளாகப் பயந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? இவங்களே அச்சு அசல்னு சொன்னாங்களே!"

"சொன்னா. அதுதான் உனக்கு வினை." கோமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குதிரையில ஏறினா இறங்க மாட்டா எம்பொண்ணு. எழுத்து மட்டும் அவளுக்கு ஏறவே இல்லை. எத்தனை வாத்தியாருங்க வந்தாங்க, போனாங்க! கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதே பெரும்பாடு. உங்க ராஜா, பொண்ணு கைப்பட எழுதின கடிதம் வேணும்னு அடம் பிடிச்சாரு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்பாங்க. நாங்க சொன்னது ஒண்ணே ஒண்ணு."

தாதேயோவின் கையிலிருந்த எலும்பு தட்டில் விழுந்தது.

ஓர்சோலா கடிதத்தை அதன் மடிப்பிலேயே மடித்து அவன் முன்னால் வைத்தாள்.

"உங்க ராஜாவுக்குப் போன பதினோரு கடிதமும் நான் எழுதினதுங்க. ராணியோட கை நான்தான். அதைத்தான் ஈஸ்டர் முடிஞ்சதும் நீங்களே வண்டியேத்தி ஊருக்கு அனுப்பிட்டீங்களே, ஐயா!"