எதிர்த் தொழுவத்து எருமைப்பால்

ஒரு தொழுவத்தில் ஒரு எருமையும் ஒரு பசுவும் இருந்தன. எருமையின் பால் போகாத டீக்கடை அந்த ஊரில் இல்லை. ஆனால் எல்லாக் கடையிலும் ‘சுத்தமான பசும்பால்’ என்றுதான் பலகை தொங்கியது. எருமைக்கு அது பழகிவிட்டது.

தொழுவத்துக்கு எதிரே ஒரு இத்தாலிய உணவகம் திறந்தார்கள். எருமையின் பால் முழுவதையும் அவர்களே வாங்கிக்கொண்டார்கள். ஒரு மத்தியானம், எருமையின் முதுகில் வழக்கமாக உட்காரும் கொக்கு அங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் பறந்து வந்தது.

“அக்கா, உன் பாலை வெள்ளை வெளேர்னு உருண்டையாத் திரட்டி, நம்ம ஊர்த் தக்காளியோட வைக்கிறாங்க. சுடச்சுட ரொட்டி மேல அது நூல் நூலா இழுபடுது. பலகையில ‘எதிர்த் தொழுவத்து எருமைப்பால் சீஸ்’னே எழுதியிருக்காங்க!”

“எருமைன்னா எழுதியிருக்கு? நல்லாப் பார்த்தியா?”

“எழுத்துக்கூட்டிப் படிச்சேன்க்கா.”

அப்போது, சாப்பிட்டு முடித்த ஒரு பெண் வாயைத் துடைத்துக்கொண்டே தொழுவத்துக்குள் வந்தாள். வருகிறவர்கள் தன்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம் என்பதால், பசு தலையைக் குனிந்து காத்திருந்தது. அவளோ அதைத் தாண்டிப் போய் எருமையின் முன்னால் நின்றாள்.

“நீதானா தாயி அது!” என்று கையை நீட்டினாள்.

எருமை மிரண்டு பின்வாங்கியது. கை நீண்டால் அடி விழும் என்றுதான் அதற்குத் தெரியும்.

“இப்ப நான் என்ன செய்யணும்?” என்று பசுவிடம் மெல்லக் கேட்டது.

பசு நகர்ந்து இடம் விட்டது.

“தலையைக் கொஞ்சம் குனி. மத்ததை அவங்க பார்த்துக்குவாங்க.”