மஞ்சள் குடை

“அப்ப பழி உன்னுதா, கனகு? நீ அவனுக்கு டீதானே போட்டுக் கொடுத்தே?” படகோட்டி மாசிலாமணி சிரித்தார்.

அவனும் அவன் காதலியும் ஆற்றோடு போய் ஆறு வருடம். ஒவ்வொரு வருடமும் அதே நாளில் துறையில் ஊர் கூடும். அந்தச் சாவுகளின் பழியை ஏற்பவர், அக்கரையில் கிடைத்த அந்தப் பெண்ணின் மஞ்சள் குடையை ஒரு வருடம் வீட்டில் வைத்திருக்க வேண்டும். கடைசிப் படகைச் சீக்கிரமே எடுத்ததற்காக மாசிலாமணிதான் இதுவரை வைத்திருந்தார்.

“மஞ்சள் குடையோட ஒரு பொண்ணு அக்கரைக்குப் போச்சான்னு கேட்டான். பார்க்கலைன்னேன்,” என்றாள் டீக்கடை கனகு.

“பார்த்தியா?”

“பார்த்தேன். இன்னொரு டீ குடிக்கிற வரைக்கும் உட்காரட்டும்னுதான்.”

அந்த டீயைக் குடிப்பதற்குள்தான் கடைசிப் படகு போயிற்று. அவன் நீந்தினான். பாதி ஆற்றில் அவன் முங்கியதைப் பார்த்து அவளும் குதித்தாள். மாசிலாமணி சிரிப்பை நிறுத்தினார்.

“இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?”

“சொல்லிட்டா அந்தக் கொஞ்ச நேரமும் என்னுதா இருக்காதேன்னு. ரெண்டாவது டீ குடிக்கும்போது என் பேரைக் கேட்டாண்ணே.”

அவர் குடையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார். கனகு அதன் கைப்பிடியையே பார்த்தாள்.

“இந்த ஒரு வருஷம் அது என் வீட்டுல இருக்கட்டும். கொடுங்கண்ணே.”