அனுமதி பெறாத பாட்டு

தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் சிக்னல் கிடைக்காததால், நிஷாந்தி றொசல்ல ரயில் ஸ்டேஷன் வரை நடந்துவந்து நான்காவது தடவையாகக் கொழும்புக்கு அழைத்தாள். இசை நிறுவனத்து மயூரதன் பழைய பல்லவியையே பாடினார்.

“தங்கச்சி, உங்கட அம்மா ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சவா. அந்தப் பாட்டு இப்ப எங்கட. அதுதான் முறைப்பாடு குடுத்து, நீங்கள் பேஸ்புக்கில போட்ட வீடியோவில சத்தத்தை எடுப்பிச்சனாங்கள்.”

“சொல்லெல்லாம் மாத்தித்தானே சார் அம்மா பாடுனாங்க! கட்டார்ல அண்ணனுக்கு லீவு கெடைக்கல. அந்த வீடியோவத்தான் நம்பியிருந்தாரு. அம்மா வாய் அசையுறது மட்டுந்தான் தெரியுதாம்.”

“மெட்டும் எங்கடதான். பாட முந்தி எங்களிட்டக் கேட்டிருக்கோணும்.”

“கேக்க எங்க சார் நேரம் இருந்துச்சு?”

“எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை. ஆருக்காகப் பாடினவா? பேரைச் சொல்லுங்கோ, அவருக்கும் கடிதம் அனுப்போணும்.”

நிஷாந்திக்குப் பொறுமை போய்விட்டது.

“எழுதிக்கங்க சார். மருதை. எங்கப்பா. முந்தாநாள் செத்துட்டாரு. அம்மா உங்களுக்குப் பாடிக் குடுத்தது ஒப்பாரி சார். அவங்களுக்கு வேற மெட்டுல அழத் தெரியாது.”