எந்த வீட்டு மீட்டரில்?

"எலெக்ட்ரிக்கா? அது செல்போன் மாதிரி தஹ்மீனா. பாதி வழியில சார்ஜ் போயிட்டா நீ எறங்கித் தள்ளுவியா?"

சொல்லிவிட்டு, தஞ்சாவூர் ஷோரூம் முழுக்கச் சிரிக்கட்டும் என்று அஸார் காத்திருந்தார். விற்பனையாளன் சதீஷ் மட்டும் கடமைக்குச் சிரித்தான்.

தஹ்மீனா கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். இந்த வாரப் பாடமே மின்னோட்டம்தான். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த ஆட்களை நிறையப் பார்த்தவள் என்பதால் அவரைத் திருத்தப் போகவில்லை.

கார் அவளுக்காகத்தான். கூத்தாநல்லூரில் விடியலில் கிளம்பி, மன்னார்குடியில் பஸ் மாறி, நின்றுகொண்டே தஞ்சாவூருக்கு வந்து பாடம் நடத்திவிட்டுப் போகிறாளே, அதற்காக. ஷார்ஜாவில் இருக்கும் கணவன் மூஸா வாங்கித் தருகிறான். எந்த வண்டி என்று முடிவு செய்யும் வேலையை, வழக்கம்போல, தன் அண்ணன் அஸாரிடம் விட்டுவிட்டான்.

மூஸா வீடியோ காலில் இருந்தான். போன் அஸார் கையில். திரையில் அஸாரின் தாடி முழுசாகத் தெரிந்தது. தஹ்மீனாவின் தோள் மட்டும் ஓர் ஓரத்தில் தெரிந்தது.

அஸார் ஒவ்வொரு வண்டியாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போனார். பெட்ரோல் வண்டிக்கு இழுவை பத்தாதாம். ஹைபிரிட் வண்டியின் டயரை ஓர் உதை உதைத்தார். ஹைபிரிட் நெல்லிலேயே ருசி கிடையாது, இதில் என்ன இருக்கப்போகிறது என்றார்.

டீசல் வண்டியைக் கண்டதும் குரல் குழைந்தது. உள்ளே ஏறி, ஓட்டுநர் சீட்டைத் தன் காலுக்குத் தோதாகப் பின்னால் தள்ளிக்கொண்டார். சென்னை ஏர்போர்ட், ஏர்வாடி, ஊட்டி என்று அடுக்கினார். அந்த வரிசையில் அவள் கல்லூரி வரவே இல்லை.

சீட்டு பின்னால் போனதைத் தஹ்மீனா பார்த்தாள். அருவருப்பாக இருந்தது.

அவளுக்கென்று வாங்கிய ஸ்கூட்டர் இன்று அஸாரின் ஜவுளிக்கடைக்கு மூட்டை சுமக்கிறது. ஒரு கல்யாணத்துக்கென்று இரவல் போன இன்வெர்ட்டர் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. கேட்டால், ஒரே குடும்பம்தானே என்பார். ஒரே குடும்பத்தில் சாமானெல்லாம் ஏன் ஒரு பக்கமாகவே நடந்து போகிறது என்று மட்டும் சொன்னதில்லை.

இப்போது தன் வீட்டு ஷெட்டைக் காலி செய்து வெள்ளையடித்து வைத்திருக்கிறார். கார் அங்கேதான் நிற்குமாம். தோதுப்பட்ட நாளில் அவரே அவளைக் கொண்டுபோய் விடுவாராம். மற்ற நாளுக்குத்தான் பஸ் இருக்கிறதே!

மூஸாவிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. அண்ணன் பேச்சை எடுத்தால் ஷார்ஜாவில் சிக்னல் போய்விடும். ஹலோ, ஹலோ, கேட்கவில்லை என்பான். திரை கறுத்துவிடும். கடல் தாண்டிப் போயும் அண்ணனுக்கு நடுங்குகிற ஆண்பிள்ளை.

"எனக்கு எலெக்ட்ரிக்கே புடிச்சிருக்கு," என்றாள் தஹ்மீனா. "சத்தமில்லாம அழகா இருக்கு."

அஸார் போனைப் பார்த்துக் கண்ணடித்தார். மூஸாவும் சிரித்தான். அண்ணனும் தம்பியும் அவளிடம் எதிர்பார்த்த மூளை அவ்வளவுதான். அதைக் காட்டினால் உடனே நம்பிவிடுகிறார்கள்.

வழியில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் சென்னைக்கே போகலாம் என்றான் சதீஷ். அஸார் இளகினார். எந்த வண்டியானால் என்ன, ஷெட் அவருடையது. எலெக்ட்ரிக் வண்டியிலும் ஏறி, அந்தச் சீட்டையும் பின்னால் தள்ளிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"சார்ஜர் எந்த வீட்டு மீட்டர்ல சார் வருது?" என்று கேட்டான் சதீஷ்.

தன் ஷெட்டில்தான் என்றார் அஸார், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

அப்படியானால் ராத்திரி முழுக்க அங்கேதான் மாட்டி வைக்க வேண்டும், அந்தக் கரண்டெல்லாம் அந்த வீட்டு பில்லில்தான் ஏறும் என்று சதீஷ் பணிவாகச் சொன்னான்.

மார்பு இறங்கியது. பகலில் ஃபேன் ஓடினால் பெற்ற பிள்ளைகளையே விரட்டுகிறவர் அவர். டீசல் என்றால் தம்பி காசு. கரண்டு என்றால் சொந்தக் காசு.

அவர் தவிப்பைப் பார்த்து சதீஷ் ஆறுதல் சொன்னான்.

"கவலைப்படாதீங்க சார். மேடம் வீட்டுல போன மாசமே சார்ஜிங் பாயிண்ட் போட்டாச்சு. அதப் போட்டுட்டுதான் வண்டிய ஓட்டிப் பாக்கவே வந்தாங்க."

இவளா ஓட்டினாள் என்று அஸார் சதீஷைக் கேட்டார். தஹ்மீனா கைப்பையிலிருந்து தன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மீட்டர் கேள்வியைச் சதீஷுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

கல்யாணத்தின்போது அவளைப் பெற்ற அத்தா அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்த வீடு அது. மீட்டரும் அவள் பெயரில். பாயிண்ட் வாசல் கேட்டுக்கு உள்பக்கம். கேட்டுச் சாவி அவள் இடுப்பில்.

அஸார் போனை முகத்துக்கு நேரே தூக்கினார். "டேய் மூஸா, என்னடா இது? நீ கேளுடா அவளை!"

மூஸா ஒரு கணம் அண்ணனைப் பார்த்தான். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

"ஹலோ... அண்ணே... ஹலோ... கேக்கல..."

திரை கறுத்தது.

இந்த மனுஷனின் கோழைத்தனம் கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு உதவியிருக்கிறது. அதற்காக அவனை மதிக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

அஸார் போனைக் குலுக்கிக்கொண்டிருந்தார். தஹ்மீனா அவரைத் தாண்டிப் போய் எலெக்ட்ரிக் வண்டியில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.