பதில் தட்டு

குக்கர் மூடியைத் திறந்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

கேக் நடுவில் குழிந்து கிடந்தது. விரலால் தொட்டால் களி.

வாஷரைக் கழற்றியதும் மணல் பரப்பியதும் சரிதான். தினமும் சோறு வைக்கிற பழக்கத்தில் மணல்மேல் ஒரு டம்ளர் தண்ணீரையும் ஊற்றியிருக்கிறாள். கைக்கென்று தனியாகப் புத்தியா இருக்கிறது?

மறுபடியும் மாவைச் சலித்தாள். முட்டை இரண்டுதான் மிச்சம். போதும்.

இன்று இந்த வீட்டில் கேக் ஆகியே தீரவேண்டும்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் செய்யமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். பதிலுக்கு அந்த வீட்டுத் தட்டை வாங்கமாட்டார்கள். இந்தக் கடற்கரையில் அதுதான் வழக்கம்.

அவள் வீட்டில் யாரும் சாகவில்லை.

அவள் புருஷன் போன படகு புயலில் கவிழ்ந்ததில் கரைக்கு வந்தது ஒரே ஒருவன், எதிர்வீட்டு அந்திரேயாஸ். மற்றவர்களுக்குப் பங்குச்சாமியார் பூசை வைத்தபோது அவள் மட்டும் தன் புருஷன் பெயரைக் கொடுக்கவில்லை.

அந்திரேயாஸ் இவளைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறான். எதையாவது பார்த்திருந்தால் சொல்லியிருப்பானே. அப்படித்தான் அவள் மனதைத் தேற்றி வைத்திருந்தாள்.

போன வருஷக் கேக் கல்லாகிப்போனது. “நங்கூரத்துக்கு ஆகும்” என்று கேலி பேசிக்கொண்டே முக்கால்வாசியைத் தின்று தீர்த்தவன் அவள் புருஷன்தான்.

அதை நினைத்து நின்றதில் தீயைக் குறைக்க மறந்துபோனாள்.

கருகல் வாடை தெருவரைக்கும் போனது.

போகட்டும். இந்த வீட்டில் கேக் வேகிறது என்று ஊருக்குத் தெரியட்டும்.

அடியைக் கத்தியால் சுரண்டினாள். தேறியது பாதிதான். துண்டு போட்டு, பூப்போட்ட தட்டில் அடுக்கி, துணியால் மூடி, வாசல் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பொழுது சாய்ந்ததும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

அந்திரேயாஸின் மனைவி பிலோமி தட்டோடு வந்தாள். அச்சுமுறுக்கு, கேக், இரண்டு பழம். அவன் கூட வரவில்லை. தன் வீட்டுப் படியிலேயே நின்றான்.

அவள் அந்தத் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். தன் தட்டை எடுத்து நீட்டினாள்.

“கொஞ்சம் அடிபுடிச்சிட்டு மைனி. தின்னலாம்.”

பிலோமி வாங்கத்தான் கையை நீட்டினாள்.

நீட்டியவள் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள்.

அவன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

பிலோமியின் கைகள் முந்தானைக்குள் போயின.

“கருகுனத எல்லாம் சுரண்டிட்டேன் மைனி. வாங்குங்க.”

கை வலித்தது. அவள் தட்டை இறக்கவில்லை.